கெட்டில் கிரில்லில் 400 டிகிரி: கரியைக் கூட்டாமல் காற்றுக்கு வழி செய்வது

ஓசூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "57 செ.மீ. கரி கெட்டில் கிரில் (உருண்டைக் கிண்ணமும் மூடியும் உள்ள கரி அடுப்பு) வாங்கி ஆறு மாதம் ஆகிறது. எவ்வளவு கரி கொட்டினாலும் மூடியில் உள்ள மீட்டர் 260ஐத் தாண்டவில்லை. வீட்டில் நாணும் பீட்சாவும் சுட 400 டிகிரியாவது வேண்டும் என்கிறார்கள். அடியில் இன்னும் நாலைந்து துளை போடலாமா? தெரிந்தவரின் கிரானைட் கம்பெனியில் துண்டுக்கல் கிடைக்கும், அதைத் தளமாக வைக்கலாமா? பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று இருக்கிறது, அது உதவுமா?"

மூன்றுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். துளை போடாதீர்கள். கிரானைட் வேண்டவே வேண்டாம். காற்று ஊத வேண்டும் என்ற யோசனை சரி, ஆனால் அந்த ஃபேனால் ஆகாது. 400 டிகிரி உங்கள் அடுப்பில் வரும். அதற்குக் கரியைக் கூட்டுவதைவிட, காற்று கரிக்குள் புகுந்துதான் போக வேண்டும் என்று ஆக்குவது முக்கியம்.

எனக்குத் தருமபுரியில் சிறிய வெல்டிங் பட்டறை. தாத்தா பாலக்கோடு பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். கெட்டில் கிரில்லை மாற்றி அமைக்கும்போது எனக்குக் கைகொடுத்தது அந்த உலைக்களத்தில் பார்த்ததுதான்.

முதலில் உங்கள் மீட்டர். மூடியில் இருக்கும் அந்த வட்ட மீட்டர் காட்டுவது மூடிக்கு அடியில் நிற்கும் காற்றின் சூட்டை. ரொட்டி உட்காரும் தளம் அதைவிட நூறு டிகிரி கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அதோடு அந்த மீட்டர்களில் பாதி சரியாகவே காட்டாது. கழற்றி, அதன் கம்பியைக் கொதிக்கும் நீரில் விட்டுப் பாருங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். எங்கள் தருமபுரியில் 98க்கு மேல். அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தளத்தின் சூட்டைப் பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், 500 டிகிரிக்கு மேல் காட்டுவதாகப் பார்த்து. இந்த வேலையில் நான் முதலில் செலவு செய்யச் சொல்வது அதற்குத்தான்.

உங்கள் அடுப்பு ஏன் 260இல் நிற்கிறது? அது அப்படி நிற்பதற்காகவே செய்யப்பட்டது. 1952இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் மிதவைகளுக்காகச் செய்த உருண்டையை இரண்டாக்கி முதல் கெட்டிலைச் செய்தார். காற்றும் மழையும் நெருப்பைக் கெடுக்காமல், பெரிய இறைச்சித் துண்டு மெல்ல ஒரே சீராக வேக வேண்டும் என்பதுதான் அவருக்குத் தேவை. அதனால்தான் மூடியும், சின்னத் துளைகளும், உள்ளே அவ்வளவு வெற்றிடமும்.

இப்போது காற்றுக் கணக்கு. ஒரு கிலோ கரி முழுதாக எரிய ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள ஓர் அறையில் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அது. அவ்வளவும் அந்தச் சின்னத் துளைகள் வழியாக, சாம்பலைத் தாண்டித் தானாக ஏறி வர வேண்டும். காற்று போதாவிட்டால் கரி அணைவதில்லை, அரைகுறையாக எரிகிறது. கரியமில வாயுவாக வேண்டியது கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. அப்படி நின்றால், முழுதாக எரிந்திருந்தால் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. கரியை உயரமாகக் குவித்தால் நிலைமை இன்னும் மோசம். கீழ்க்கங்கில் உண்டாகும் கரியமில வாயு மேலே உள்ள சூடான கரியின் வழியே போகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மோனாக்சைடாக மாறுகிறது. "எவ்வளவு கொட்டினாலும் ஏறவில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

தாத்தா உலையில் கரி ஒரு பெரிய தேங்காய் அளவுக்குத்தான் எரியும். ஏர்க்கொழு அடிக்கிற நாளில்கூட அதற்கு மேல் போக விடமாட்டார். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் வைக்கோல் பிரிக்கட்டும் இருக்கும். நெருப்பு ஓரத்துக்குப் பரவினால் அந்தப் பிரியை நனைத்துச் சுற்றிலும் தெளித்துவிட்டு, நடுவில் மட்டும் துருத்தி ஊதச் சொல்வார். "நெருப்பு கரியத் திங்கக் கூடாதுடா, காத்தத் திங்கணும்" என்பார். நடுவில் இரும்பு மஞ்சளாக ஒளிரும், ஒரு சாண் தள்ளி இருக்கும் கரி கறுப்பாகவே கிடக்கும். நம் பக்கத்தில் இந்த வித்தை எவ்வளவு பழையது என்று நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்புதான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள்கள் கிடைத்த இடத்தின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தாதுவிலிருந்து இரும்பு எடுக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய நாளில் அந்தச் சூட்டைக் கொண்டுவந்தது மரக்கரியும் ஊதுகிற காற்றும்தான். அதே கரி உங்கள் வீட்டில் 260இல் நின்றால் குறை கரியில் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். அடியில் உள்ள சாம்பலை முழுதாக வழித்தெடுங்கள். கரியைச் சலித்துத் தூளை நீக்கி, எலுமிச்சை முதல் மாங்கொட்டை அளவு வரை உள்ள துண்டுகளை மட்டும் எடுங்கள். தூள்தான் காற்றுக்கு முதல் அடைப்பு. நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பது வேலிக்காத்தான் கரி. நன்றாக வெந்த கரி ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால், உடைத்தால் உள்ளே பழுப்பாகத் தெரிந்தால் அது வேகாத கட்டை, புகைதான் வரும். கரி காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் கிடந்த மூட்டையாக இருந்தால் ஒரு பகல் வெயிலில் பரப்பி எடுங்கள். கொட்டாங்குச்சிக் கரி நல்ல சூடு தரும், ஆனால் ஓடு ஓடாக அடுக்கிக்கொண்டு காற்றை மறைக்கும், பொறியும் தெறிக்கும். அதைக் கால் பங்குக்கு மேல் கலக்காதீர்கள். பெட்டியில் வரும் பிரிக்கெட் வேண்டாம். அது கரித்தூளை மாவுப்பசை சேர்த்து அழுத்தியது, சாம்பல் அதிகம். மெல்ல வேகவைக்கும் சமையலுக்கு நல்லது, இந்த வேலைக்கு ஆகாது.

பிறகு கரித்தட்டின் (கரி நிற்கும் கம்பித் தட்டு) பின்பாதியில் இரண்டு செங்கல்லைத் தடுப்பாக வைத்து, கரி முழுவதையும் அங்கே நான்கு அங்குல ஆழத்துக்கு நிறுத்துங்கள். கரி இல்லாத இடத்தைக் கனமான இரும்புத் தகட்டால் மூடிவிடுங்கள். இதுதான் முக்கியம். தட்டின் வெற்றிடம் வழியாக ஏறும் காற்று கரியைத் தொடுவதே இல்லை. குளிர்ந்த காற்றாகவே உள்ளே வந்து தளத்தையும் மூடியையும் ஆற்றிவிட்டுப் போகிறது. நீங்கள் அடியில் புதிதாகப் போட நினைத்த துளைகளும் அதைத்தான் செய்யும். இந்த ஒரு மாற்றத்துக்கே என் அடுப்பில் மீட்டர் 260இலிருந்து 310 வரை ஏறியது. ஆட்டுக்கறி சாப்ஸ், மீன் துண்டு இதற்கெல்லாம் இது தாராளம். இன்னும் கருக வேண்டுமானால் செங்கல்லை அடியில் கொடுத்துக் கரித்தட்டை உயர்த்தி, கங்குக்கும் மேலே சமைக்கும் கம்பிச் சல்லடைக்கும் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். கங்கின் கதிர்வீச்சு சூட்டோடு மிக வேகமாகக் கூடும். 700 டிகிரி மங்கல் சிவப்பிலிருந்து 900 டிகிரி ஆரஞ்சுக்கு வந்தால் அது வீசும் அனல் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

கோழித் தொடைக்கும் முழு மீனுக்கும் 400 டிகிரி தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியே மசாலா கரிந்து, உள்ளே எலும்போரம் ரத்தம் தெரியும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி வந்தால் போதும். பெரிய சூடு வேண்டியது மாவுக்குத்தான். நேப்பிள்ஸ் முறை பீட்சாவுக்கு அங்குள்ள சங்கத்தின் விதி, தளம் 380 முதல் 430 டிகிரி, வேகும் நேரம் 60 முதல் 90 நொடி. நாணுக்கும் தந்தூரி அடுப்பின் சுவர் ஏறக்குறைய அந்த அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். மெதுவான சூட்டில் மாவின் ஈரம் வெளியேறி அப்பளம் போல் ஆகிவிடும். சட்டென்று சுட்டால்தான் வெளியே பொரிந்து உள்ளே பஞ்சாக நிற்கும்.

அதற்கு மூன்று மாற்றங்கள் வேண்டும்: ஊதும் காற்று, தாழ்ந்த கூரை, சரியான தளம்.

கம்ப்யூட்டர் ஃபேன் ஏன் போதாது என்றால், அது எதிர்ப்பில்லாத இடத்தில்தான் நிறையக் காற்று தள்ளும். நான்கு அங்குலக் கரியும் சாம்பலும் குறுக்கே நின்றால், இறக்கை சுற்றும், காற்று போகாது. நத்தை ஓடு வடிவத்தில் இருக்கும் பிளோயர்தான் எதிர்ப்பைத் தாண்டித் தள்ளும். ஹார்டுவேர் கடைகளில் அடுப்புக்கென்றே சின்னதாகக் கிடைக்கிறது, பட்டறைக்காரர்கள் கையால் சுற்றும் வகையும் உண்டு. கையால் சுற்றுவது இன்னும் நல்லது, நெருப்பைப் பார்த்துப் பார்த்து ஊதலாம்.

கிண்ணத்தைத் துளைக்காதீர்கள். அதன் மேல் இருப்பது பெயின்ட் அல்ல, இரும்பின் மேல் உருக்கிப் படிய வைத்த எனாமல், ஒருவகைக் கண்ணாடி. டிரில் பட்டால் தெறித்து உதிரும், அங்கிருந்து துரு தொடங்கும். வெல்டிங் வைத்தால் இன்னும் மோசம். பதிலாக, சாம்பல் தட்டைக் கழற்றிவிட்டு, அடித்துளைகள் எல்லாவற்றையும் சேர்த்து மூடும்படி 16 கேஜ் இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி அடியுங்கள். துளை திறக்கும் கைப்பிடியின் தண்டு வர ஓரத்தில் ஒரு காடி வெட்டுங்கள். ஸ்பிரிங்கால் மூன்று கால்களிலும் இழுத்துக் கட்டினால் போதும், சாம்பல் தட்ட வேண்டும்போது கழன்று வரும். பெட்டியின் பக்கவாட்டில் ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய், இரண்டடி நீளம். அதன் முனையில் பிளோயர். அவ்வளவு நீளம் எதற்கென்றால், பிளோயரை நிறுத்தியதும் அனல் குழாய் வழியாகப் பின்னால் திரும்பும். குட்டைக் குழாயாக இருந்தால் பிளாஸ்டிக் இறக்கை இளகிவிடும். மின்சார பிளோயரானால் குழாயின் குறுக்கே தள்ளி இழுக்கும் ஒரு தகட்டை வைத்துக் காற்றைக் கூட்டிக் குறையுங்கள்.

குழாய் வாங்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜிஐ குழாய் கூடாது, ஜிஐ தகடும் கூடாது. அதன் மேல் உள்ள துத்தநாகம் 420 டிகிரியில் உருகி, 907இல் கொதித்து ஆவியாகும். பல வருடம் முன்பு பட்டறையில் கிடந்த ஜிஐ தகட்டுத் துண்டை அவசரத்துக்குக் கரித்தடுப்பாக வைத்துவிட்டேன். தகட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு போல் ஒரு புகை சுருண்டு எழுந்தது. அன்று இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாயில் காசைச் சப்பியது போல் ஒரு சுவை. மறுநாள் தெளிந்துவிட்டது. ஆனால் அந்தப் புகை பட்ட அடுப்பில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட மனம் வரவில்லை. உள்ளே இருந்த சல்லடை முதல் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவி, ஒரு முழுக் கூடை கரியை வெறுமனே எரித்த பிறகுதான் மறுபடி சமைத்தேன். சாதாரணக் கறுப்பு இரும்பு, அல்லது 304 ஸ்டெயின்லெஸ். வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்தது கூரை. கெட்டிலின் மூடி உயரமானது, வெப்பம் மேலே போய் நின்று தகடு வழியாக வெளியே போய்விடும். ரொட்டியின் மேல்பக்கம் வெளுத்தே இருப்பது அதனால்தான். இதற்கு நான் கண்ட நல்ல பொருள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய இரும்புத் தோசைக்கல். கனமானதாக, பெரியதாகப் பாருங்கள். தளத்துக்கு மேலே நான்கு அங்குல உயரத்தில் செங்கல் துண்டுகள் மேல் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பின்னால் எரியும் கரியிலிருந்து வரும் நீலச் சுவாலை, எரியாமல் மிஞ்சிய மோனாக்சைடு எரிவதுதான் அது, தோசைக்கல்லின் அடியைத் தடவிக்கொண்டு முன்பக்கம் வரும். கால் மணி நேரத்தில் கல் காய்ந்து, கீழே அனலைக் கொட்டத் தொடங்கும்.

ரொட்டியை உள்ளே தள்ள வாசல் வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தால் சேர்த்த சூடு போய்விடும். கிண்ணத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு வளையம் செய்துகொள்ளுங்கள். 57 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 179 செ.மீ. 185 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம் உள்ள தகட்டை வளைத்து, முனைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து இரண்டு போல்ட். முன்பக்கம் 30 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரத்துக்கு வாசல். கிண்ணத்தின் விளிம்பில் வழுக்காமல் நிற்க உள்பக்கம் நான்கு எல் வடிவப் பட்டை. ரோலிங் மெஷின் இருக்கும் எந்தப் பட்டறையிலும் அரை நாள் வேலை.

தளத்துக்கு வருகிறேன். கிரானைட்டைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அது காசில்லாமலே கிடைக்கும். கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற படிகம் உண்டு. 573 டிகிரியில் அதன் அமைப்பு மாறிச் சட்டென்று விரியும். அந்தச் சூடு வரும் முன்பே, ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஆறியிருக்கும்போது, பலவகைப் படிகங்களும் வெவ்வேறு அளவில் விரிந்து கல்லுக்குள் விரிசல் ஓடும். நான் வைத்துப் பார்த்த முக்கால் அங்குலத் துண்டு இருபதாவது நிமிடம் வெடிச் சத்தத்தோடு பிளந்து, நகம் அளவு சில்லு என் சட்டைப் பையில் வந்து விழுந்தது. அது கண்ணில் பட்டிருந்தால் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. பாலிஷ் போட்ட துண்டானால் ரெசின் பூச்சும் சேர்ந்து கருகும். கடப்பாக் கல், சிமென்ட் பலகை இவையும் இதே கதைதான்.

ஃபயர் பிரிக் விற்கும் இடத்தில் ஒன்பது அங்குலம் நீளம், நாலரை அங்குலம் அகலத்தில், ஒன்றரை அங்குலக் கனத்தில் டைல் கேளுங்கள். மூன்று போதும். மூன்றையும் பக்கம் பக்கமாகச் சல்லடையின் முன்பாதியில் வைத்தால் 23க்கு 34 செ.மீ. தளம், ஒரு நாணுக்குச் சரி. அதைவிடக் கனமாக வேண்டாம். செங்கல் நிறைய அடுக்கினால் சூடு நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அவை எல்லாம் காய இன்னொரு மணி நேரமும் இன்னொரு கூடைக் கரியும் போகும். கடையில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து சுடுகிறவருக்கு அது லாபம், வீட்டில் பத்து ரொட்டிக்கு இல்லை. கூரைக்கு இரும்பு சொன்னேனே, தளத்துக்கும் இரும்பே வைத்தால் என்ன என்று தோன்றும். இரும்பு வெப்பத்தை மாவுக்குள் அவ்வளவு வேகமாகத் தள்ளும், 400 டிகிரியில் அடி கரிந்த பிறகும் மேல்பக்கம் பச்சையாக இருக்கும். மண் டைல் நிதானமாகக் கொடுக்கும்.

மூடிக்கு மேல் புகைக்குழாய் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பிளோயர் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. மூடித் துளையின் மேல் இரண்டடிக் குழாயை நிறுத்தினால் இழுவை நன்றாகக் கூடும். பிளோயர் வைத்த பிறகு அது தேவையில்லை, சூட்டைத்தான் வெளியே இழுக்கும். மூடித் துளையைப் பாதி மட்டும் திறந்து வையுங்கள். வெப்பக் காப்புக்காகச் செராமிக் கம்பளியை உள்ளே ஒட்டும் வேலையும் வேண்டாம், அதன் நார் உணவிலும் நெஞ்சிலும் போகக் கூடாதது.

முதல் நாள் இப்படிச் செய்யுங்கள். வீட்டுக்கு வெளியே, கூரை, பந்தல், கரும்புச் சோகை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில். பால்கனியில் கூடாது, மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு மணமும் இல்லை. ஊதும்போது பொறி பறக்கும் என்பதால் ஒரு வாளித் தண்ணீர் அருகில் இருக்கட்டும், ஆனால் அதைச் சூடான கிண்ணத்தின் மேல் ஊற்றாதீர்கள், எனாமல் வெடித்துவிடும். ஒன்றரைக் கிலோ கரியைப் பின்பக்கம் நிரப்பிப் பற்றவைத்து, இருபது நிமிடம் பிளோயர் இல்லாமலே விடுங்கள். டைலின் ஈரம் மெல்லப் போகட்டும். அதன் பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். கங்கின் நடுவில் ஆரஞ்சு நிறம் வந்து நீலச் சுவாலை தோசைக்கல்லைத் தொட்டதும் அதற்கு மேல் திறக்காதீர்கள். மஞ்சள் வெள்ளையாக ஒளிரத் தொடங்கினால் கரித்தட்டின் கம்பிகள் தொய்ந்துவிடும். என் அடுப்பில் நாற்பதாவது நிமிடம் டைல் 390, தோசைக்கல்லின் அடி 450 காட்டும்.

நாணைப் போட்டதும் காற்றைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் சாம்பல் பறந்து ரொட்டியில் ஒட்டும். இருபது நொடியில் மேலே குமிழ் எழும், அடுத்த இருபதில் குமிழின் உச்சி கறுக்கத் தொடங்கும். அப்போது பின்பக்கம் முன்பக்கமாக ஒரு முறை திருப்பிவிட்டு, ஒரு நிமிடம் ஆனதும் எடுங்கள். அடுத்ததைப் போடும் முன் டைல் மறுபடி 380 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடம் ஆகும். மாவில் சர்க்கரை போடும் பழக்கம் இருந்தால் பாதியாகக் குறையுங்கள், இந்தச் சூட்டில் அதுதான் முதலில் கரியும்.

முடிந்ததும் பிளோயரை நிறுத்திக் குழாயைக் கழற்றி, வளையத்தை இடுக்கியால் எடுத்துவிட்டு மூடியைப் போட்டு, மேலும் கீழும் துளைகளை அடையுங்கள். மிச்சக் கரி அணைந்து மறுநாளைக்கு நிற்கும். டைலை ஆறும் வரை தொடாமல் விட்டு, அடுத்த நாள் துணியால் மட்டும் துடைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். மழையில் நனைந்துவிட்டால் இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.